மைத்துனர் கொடுத்த சுருள்பாசி மாத்திரையும் ஈரலில் சேர்ந்த கொழுப்பும்

கேட்டவருக்கு வயது 44. உட்கார்ந்த இடத்தில் கணக்கு பார்க்கும் வேலை. மதுவைத் தொட்டதே இல்லை. அலுவலகம் ஏற்பாடு செய்த உடல் பரிசோதனையில் வயிற்று ஸ்கேன் எடுத்து, ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஈரல் நொதிகளான எஸ்.ஜி.பி.டி. 72, எஸ்.ஜி.ஓ.டி. 48, ரத்தத் தட்டணுக்கள் 2,40,000, எடை 78 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர். மனைவியின் தம்பி சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரை வியாபாரத்தில் இறங்கியிருக்கிறார். “தினம் இரண்டு போடுங்கள் மாமா, மூன்று மாதத்தில் ஈரல் கண்ணாடி மாதிரி ஆகிவிடும்” என்று ஒரு டப்பாவைக் கையில் திணித்துவிட்டுப் போயிருக்கிறார். இது உண்மையா, எவ்வளவு சாப்பிட வேண்டும், இதற்குப் பதில் கடற்பாசி சாப்பிடலாமா என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

நான் உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன், மருத்துவன் அல்லன். சிகிச்சையை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் பாசியைப் பற்றிய ஆய்வுகளை முப்பது ஆண்டுகளாகப் படித்து வருகிறேன் என்பதால், எதை நம்பலாம், எங்கே கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில் சுருக்கமான பதில். மைத்துனர் சொன்னது முழுப் பொய் அல்ல. சுருள்பாசி ஈரலைக் காக்கிறது என்பதற்கு எலிகளிடம் நல்ல ஆதாரம் உண்டு. மனிதர்களிடம் இருப்பது மெலிந்த ஆதாரம். ஆனால் நாளைக்கு இரண்டு மாத்திரை என்பது அந்த ஆய்வுகளில் கொடுத்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. ‘காக்கிறது’ என்ற சொல்லும் ஆய்வகத்தில் ஒரு பொருளிலும் விளம்பரத்தில் வேறு பொருளிலும் வழங்குகிறது. இந்த இரண்டாவது விஷயம்தான் முக்கியம் என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதப் போகிறேன்.

ஈரலில் ஏன் கொழுப்பு சேர்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ஈரல் செல்களில் 5 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்புத் துளிகள் தெரிந்தால் அது ஃபேட்டி லிவர். ‘எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டேன், அது ஈரலில் போய் ஒட்டிக்கொண்டது’ என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். 2005இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. நோயாளிகளின் உணவிலும் ரத்தத்திலும் கலந்த கொழுப்புக்கு ஐசோடோப்பு அடையாளம் இட்டு, ஈரலில் சேர்ந்திருந்தது எங்கிருந்து வந்தது என்று தேடினார்கள். சுமார் 59 விழுக்காடு உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து, அதாவது தொந்தியிலிருந்து, ரத்தம் வழியாக வந்திருந்தது. 26 விழுக்காடு, சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கொண்டு ஈரல் தானே புதிதாகத் தயாரித்தது. சாப்பிட்ட எண்ணெயிலிருந்து நேராக வந்தது 15 விழுக்காடுதான். வடையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு ஜாங்கிரியைச் சாட்சியாக அழைக்கும் நம் வழக்கம் தவறு என்று இதைக் காட்டித்தான் மாணவர்களுக்குச் சொல்வேன்.

கொழுப்பு சும்மா கிடந்தால் பெரிய தொல்லை இல்லை. சிலருக்கு அது செல்லுக்குள் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை உண்டாக்குகிறது, செல்கள் வீங்கிச் சாகின்றன, அழற்சி வருகிறது, புண் ஆறிய இடத்தில் நார்த்தழும்பு விழுகிறது. தழும்பு முற்றினால் ஈரல் சுருக்கம். மது அருந்தாதவர்களிடம் தெரிந்த இந்த அழற்சிக்கு 1980இல் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த லுட்விக் என்ற நோயியலர் தனிப்பெயர் கொடுத்தார். 2023இல் ‘மது சாராத’ என்ற அடைமொழியையே எடுத்துவிட்டு, வளர்சிதை மாற்றக் கோளாற்றோடு இணைத்துப் புதிய பெயர் சூட்டினார்கள். எஸ்.ஜி.பி.டி. என்பது உடைந்த ஈரல் செல்லிலிருந்து ரத்தத்துக்குக் கசியும் ஒரு நொதி. அது குறைந்தால் கசிவு குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். கொழுப்பு போய்விட்டது என்றோ தழும்பு கரைந்துவிட்டது என்றோ அதைக் கொண்டு சொல்ல முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி பாசிக்கு வருவோம். சுருள்பாசியின் கதை மெக்சிகோவில் தொடங்குகிறது. அஸ்தெக்குகள் டெக்ஸ்கோகோ ஏரியின் மேல் மிதந்த நீலப்பச்சைப் படலத்தை வலையால் வழித்து, காயவைத்து, அடையாக்கிச் சந்தையில் விற்றார்கள். டெக்விட்லாட்டல் என்பது அவர்கள் வைத்த பெயர். பதினாறாம் நூற்றாண்டில் வந்த ஸ்பானியர்கள் இதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார்கள். அதே பாசியை ஆப்பிரிக்காவில் சாட் ஏரிக்கரைக் கனெம்பு இனப் பெண்கள் இன்றும் ‘திஹே’ என்ற பெயரில் வழித்தெடுத்து, கம்பு போன்ற சிறுதானியக் களிக்குக் குழம்பாகக் காய்ச்சுகிறார்கள். கண்டிப்பாகப் பார்த்தால் இது பாசியே அல்ல. ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. நுண்ணோக்கியில் ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருக்கும். ‘சுருள்பாசி’ என்று தமிழில் யார் பெயர் வைத்தார்களோ, சரியாகவே பார்த்து வைத்திருக்கிறார்கள்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. சென்னை தரமணியில் உள்ள முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி. வி. சேஷாத்ரி தலைமையில், கிராமத்துப் பெண்களே சிறு தொட்டிகளில் சுருள்பாசி வளர்க்கும் முறையை உருவாக்கினார்கள். பிற்பாடு புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பெரிய பண்ணையே வந்தது. சத்துக்குறைவால் வாடிய, வைட்டமின் ஏ பற்றாமல் கண் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்குத்தான் அப்போது இந்தப் பச்சைப் பொடியைக் கொடுத்தார்கள். இன்று அதே பொடி, சத்து கூடிப்போய் ஈரல் உப்பியவர்களுக்கு மாத்திரையாக வருகிறது. ஒரு பாசியின் வாழ்க்கையில் இத்தனை திருப்பம்.

ஈரல் கொழுப்புக்கு இது உதவலாம் என்ற ஆய்வு வழக்கும் மெக்சிகோவில்தான் பிறந்தது. 1993இல் அங்கே எலிகளுக்கு ஃபுரக்டோஸ் மிகுந்த தீனி கொடுத்தார்கள். பழச்சர்க்கரை என்று நாம் மரியாதையாகச் சொல்லும் இதைக் குளிர்பானத்தில் கலந்து குடித்தால், ஈரல் புதிதாகக் கொழுப்பு தயாரிக்க இதைவிட வசதியான மூலப்பொருள் கிடையாது. சர்க்கரைத் தீனி மட்டும் தின்ற எலிகளுக்கு ஈரலில் கொழுப்பு ஏறியது. அதே தீனியோடு 5 விழுக்காடு சுருள்பாசி கலந்து தின்றவற்றுக்கு ஏறவில்லை. 1998இல் அதே நாட்டில் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற ஈரல் நச்சைக் கொண்டு சோதித்தபோதும், முன்கூட்டியே பாசி தின்ற எலிகளின் ஈரலில் கொழுப்பு குறைவாகவே சேர்ந்தது. அதே 1998இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், சுருள்பாசியிலிருந்து பிரித்தெடுத்த நீலநிறப் புரதமான பைகோசயனினை எலிகளுக்குச் செலுத்தி, பிறகு நச்சைக் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கும் ஈரல் சேதம் குறைந்தது.

பைகோசயனின் ஏன் வேலை செய்கிறது என்பதற்கு எனக்குப் பிடித்த ஒரு விளக்கம் உண்டு. இந்தப் புரதத்தோடு ஒட்டியிருக்கும் நீல நிறமி, நம் உடலில் பித்தத்தில் வரும் பிலிவெர்டினுக்கும் பிலிருபினுக்கும் வடிவில் நெருங்கிய உறவு. மஞ்சள் காமாலைக்குக் காரணமான பிலிருபின் அளவோடு இருந்தால் நல்ல ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி. செல்லுக்குள் தீவிர ஆக்சிஜனை உற்பத்தி செய்யும் ஒரு நொதியை அது அடக்கி வைக்கிறது. பாசியின் நிறமியும் அதே நொதியை அடக்குகிறது என்று ஆய்வகச் செல்களில் காட்டியிருக்கிறார்கள். இது போக, ஈரல் புதிதாகக் கொழுப்பு தயாரிக்கும் மரபணுக்களைத் தணிக்கிறது, இருக்கும் கொழுப்பை எரிக்கும் வழியைத் தூண்டுகிறது, குடல் பாக்டீரியாக்களை மாற்றுகிறது என்றெல்லாம் எலி ஆய்வுகள் சொல்கின்றன. எலி ஆய்வுகள் எப்போதும் நிறையவே சொல்லும்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். இந்த எலிகளுக்கு நச்சும் பாசியும் ஒன்றாகக் கொடுக்கப்பட்டன, அல்லது பாசி முந்திக்கொண்டது. ‘காத்தது’ என்றால் சேதம் வரும்போதே தடுத்தது என்று பொருள். உங்கள் நிலை வேறு. உங்களுக்குக் கொழுப்பு ஏற்கெனவே சேர்ந்துவிட்டது, பல ஆண்டுகளாக. மழைக்கு முன் குடை பிடிப்பதும், நனைந்த பிறகு குடை பிடிப்பதும் ஒன்றல்ல. சேர்ந்ததைக் கரைக்கிறதா என்பது தனிக்கேள்வி; அதற்கு மனிதர்களிடம்தான் போக வேண்டும்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. எலியின் தீனியில் 5 விழுக்காடு என்றால், நாளைக்கு உலர் எடையில் அரைக் கிலோ சாப்பிடும் ஒரு மனிதருக்கு 25 கிராம் ஆகிறது. உடற்பரப்பை வைத்து மருந்தியலார் போடும் கணக்கில் இன்னும் கூடுதலாகவே வரும். மைத்துனரின் மாத்திரை ஒன்று 500 மில்லிகிராம் என்றால் 25 கிராமுக்கு 50 மாத்திரை. அவர் சொன்னது இரண்டு.

மனிதர்களிடம் என்ன நடந்தது? 2010இல் மெக்சிகோவிலிருந்து மூன்று நோயாளிகளைப் பற்றிய ஒரு குறிப்பு வந்தது. நாளைக்கு 4.5 கிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்தார்கள், எஸ்.ஜி.பி.டி. இறங்கியது. மூன்று பேர் என்பது ஒரு ஆட்டோவில் ஏறும் கூட்டம். அதை வைத்து எதையும் நிறுவ முடியாது. மேலே ஆய்வு செய்யலாம் என்ற துணிச்சலை அது கொடுத்தது, அவ்வளவே.

அடுத்தது 2014இல், கிரேக்க நாட்டின் கிரீட் தீவில். ஃபேட்டி லிவர் உள்ள 15 பேர், நாளைக்கு 6 கிராம், ஆறு மாதம். எஸ்.ஜி.பி.டி.யும் எஸ்.ஜி.ஓ.டி.யும் சராசரியாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. ரத்தக் கொழுப்பு வகையான டிரைகிளிசரைடு ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. இன்சுலினுக்கு உடல் செவிசாய்ப்பதும் கூடியது. விற்பனைத் துண்டறிக்கைகளில் இந்த எண்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் வராத மூன்று விஷயங்கள் உண்டு. ஒன்று, ஒப்பிடுவதற்குப் பாசி சாப்பிடாத குழு கிடையாது. இரண்டு, அந்த 15 பேரின் எடையும் சராசரியாக 8 விழுக்காடு குறைந்திருந்தது. மூன்று, ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் ஈரல் கொழுப்பு அப்படியே தெரிந்தது.

இரண்டாவது விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஈரல் கொழுப்புக்கு மறுப்பே இல்லாமல் வேலை செய்யும் ஒரு சிகிச்சை உண்டென்றால், அது எடைக் குறைப்பு. 2015இல் வெளியான கியூபா ஆய்வில், உணவையும் உடற்பயிற்சியையும் மாற்றிய 293 பேரில் 261 பேருக்கு ஓராண்டுக்குப் பின் ஈரலில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தார்கள். எடையில் 10 விழுக்காடும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அழற்சி நீங்கியிருந்தது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு நார்த்தழும்பே பின்வாங்கியிருந்தது. 5 விழுக்காடு குறைத்தாலே கொழுப்பு இறங்கத் தொடங்கும், 7 குறைத்தால் அழற்சி தணியும் என்று மருத்துவர்கள் கணக்கு சொல்வது இது போன்ற ஆய்வுகளைக் கொண்டுதான். அப்படியானால் கிரீட் தீவில் நொதியைக் குறைத்தது பாசியா, 8 விழுக்காடு எடையா? பாசிதான் எடையையும் குறைத்தது என்று வாதிடலாம். ஆய்வில் சேர்ந்துவிட்டோம், ஆறு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள் என்று தெரிந்ததும் சாப்பாட்டில் கைவைத்தார்கள் என்றும் வாதிடலாம். ஒப்பீட்டுக் குழு இல்லாத இடத்தில் இரு தரப்பும் வெல்லும்.

ஈரானின் தப்ரீஸ் நகரில் குளோரெல்லாவை வைத்துச் செய்தது இதைவிட ஒழுங்கான ஆய்வு. குளோரெல்லா உண்மையான பச்சைப் பாசி, உருண்டையானது, கனத்த செல் சுவர் கொண்டது. உடல் பருமனும் ஃபேட்டி லிவரும் உள்ள 70 பேரை இரண்டு குழுவாக்கி, எல்லாருக்கும் வைட்டமின் ஈ கொடுத்து, ஒரு குழுவுக்கு மட்டும் நாளைக்கு 1,200 மில்லிகிராம் குளோரெல்லாவும் மற்றதற்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையும் எட்டு வாரம் கொடுத்தார்கள். பாசிக் குழுவில் எடையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கூடுதலாக இறங்கின. ஆனால் ஈரல் நொதிகள் இரண்டு குழுவிலுமே இறங்கின. போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் நொதி இறங்குகிறது என்பதைப் படித்த பிறகு, கிரீட் தீவு எண்களைத் திரும்பிப் பார்க்கும் கண் மாறிவிடுகிறது.

ஆகவே என் கணிப்பு இது: நாளைக்கு 4 முதல் 6 கிராம் சுருள்பாசி சில மாதங்கள் சாப்பிட்டால் டிரைகிளிசரைடும் எஸ்.ஜி.பி.டி.யும் ஓரளவு குறைய வாய்ப்பு இருக்கிறது. தழும்பைக் குறைக்கிறது, ஈரல் சுருக்கத்தைத் தடுக்கிறது என்று சொல்ல மனிதர்களிடம் ஈரல் சதையை எடுத்துப் பார்த்த சான்று வேண்டும். அப்படிப்பட்ட சான்றைக் காட்டித்தான் 2024 மார்ச்சில் ரெஸ்மெடிரோம் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பாசி அந்தத் தேர்வுக்கு இன்னும் உட்காரவில்லை.

உங்கள் மூன்றாவது கேள்வி கடற்பாசி பற்றியது. இது வேறு குடும்பம். ஜப்பானியர் உண்ணும் ‘வகாமே’, ‘கொம்பு’ ஆகிய பழுப்புக் கடற்பாசிகளில் ஃபுகோசாந்தின் என்ற ஆரஞ்சு நிறமி இருக்கிறது. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தார் 2005 வாக்கில், இந்த நிறமியைத் தின்ற எலிகளின் வயிற்றுக் கொழுப்பில், சாதாரணமாகப் பழுப்புக் கொழுப்பில் மட்டும் வேலை செய்யும் ஒரு வெப்பம் உண்டாக்கும் புரதம் தலைகாட்டுவதைக் கண்டார்கள். சேமிப்புக் கிடங்கு கொஞ்சம் அடுப்பாக மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னே சொன்ன 59 விழுக்காட்டு வாசலில் கைவைக்கும் வித்தை இது என்பதால் எனக்கு இதில் ஆர்வம் அதிகம். மனிதர்களிடம் செய்தவற்றில் இந்த நிறமியை மாதுளை விதை எண்ணெயோடும், கடற்பாசியின் வேறு சர்க்கரைச் சேர்மங்களோடும் கலந்துதான் பெரும்பாலும் கொடுத்தார்கள். கலவை வென்றால் அதில் யார் வென்றார் என்று எப்படிச் சொல்வது? சீனாவின் தியான்ஜின் நகரில் கடற்பாசியை அடிக்கடி உண்பவர்களிடம் ஃபேட்டி லிவர் குறைவாகத் தெரிந்தது என்றும் ஒரு கணக்கெடுப்பு உண்டு. ஆனால் கடற்பாசியை விரும்பிச் சாப்பிடும் வீட்டில் மீனும் காய்கறியும் கூடவே இருக்கும். பிரித்துப் பார்ப்பது கடினம்.

நம் மன்னார் வளைகுடாவில், மண்டபம், பாம்பன், ராமேசுவரம் பக்கத்தில், பெண்கள் மூழ்கி எடுக்கும் கட்டக்கோரை இந்தப் பழுப்பு வகைதான். அது ஆல்ஜினேட் என்ற பசைப்பொருள் எடுக்கும் ஆலைக்குப் போகிறது, யாரும் சமைப்பதில்லை. மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் சிவப்பு வகை, அகர் எடுப்பதற்கு. கஞ்சிப்பாசி என்ற பெயரே அதைக் கஞ்சி காய்ச்சிக் குடித்த பழக்கத்தைச் சொல்கிறது. இந்த அகர்தான் கடையில் ‘கடல்பாசி’ என்றும் ‘சைனா கிராஸ்’ என்றும் வெள்ளை நாராகக் கிடைக்கிறது. நோன்பு திறக்கும்போது பல வீடுகளில் இதைக் காய்ச்சி, பாலும் சர்க்கரையும் ரோஜா சாறும் சேர்த்து உறையவைத்துத் துண்டு போடுவார்கள். எனக்கும் ஒரு பக்கத்து வீட்டிலிருந்து ஆண்டுதோறும் தட்டில் வரும், மறுக்காமல் சாப்பிடுவேன். ஆனால் அதை ஈரல் மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். அகர் என்பது வெறும் கரையும் நார்ச்சத்து. நிறமியும் புரதமும் அதில் கிடையாது. அதோடு அரைக் கோப்பைச் சர்க்கரை கூட வந்தால் அந்த 26 விழுக்காட்டு வாசல் அகலமாகத் திறக்கும். கொச்சியில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 2022இல் கடற்பாசிச் சாற்றிலிருந்து ஃபேட்டி லிவருக்கென்றே ஒரு மாத்திரை உருவாக்கியதாக அறிவித்தது. அரசு நிறுவனத்தின் உழைப்பு என்பதால் மதிப்பு உண்டு. இருந்தாலும் மேலே சொன்ன அதே தேர்வை அதுவும் எழுத வேண்டும்.

பாசி வழியில் எனக்குச் சற்றுக் கூடுதல் நம்பிக்கை தருவது வேறொன்று: பாசி எண்ணெய். மீனில் இருக்கும் டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு மீன் தயாரித்தது அல்ல. மீன் தின்ற நுண்ணுயிர்கள் தயாரித்தது. அதைத் தொட்டியில் வளர்த்து நேராக எண்ணெய் எடுக்கிறார்கள். ரோம் நகரில் ஃபேட்டி லிவர் உள்ள 60 குழந்தைகளுக்கு நாளைக்கு 250 அல்லது 500 மில்லிகிராம் பாசி டி.எச்.ஏ., அல்லது போலி மருந்து, என்று ஆறு மாதம் கொடுத்தார்கள். 2011இல் வெளியான முடிவில் டி.எச்.ஏ. பெற்றவர்களுக்கு ஸ்கேனில் தெரிந்த கொழுப்பே குறைந்திருந்தது. பெரியவர்களிடம் மீன் எண்ணெயை வைத்துச் செய்த ஆய்வுகள் இவ்வளவு தெளிவாக இல்லை. மீன் சாப்பிடுபவராக இருந்தால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மத்தி, அயிலை வாங்கிக் குழம்பு வையுங்கள். இந்த வழி முழுவதும் அதில் அடங்கிவிடும். சைவர்களுக்கு மட்டும் பாசி எண்ணெய் யோசிக்கத்தக்கது.

சைவர்கள் என்றதும் நினைவுக்கு வருகிறது. சுருள்பாசியில் பி12 நிறைய இருக்கிறது என்று டப்பாவில் எழுதியிருப்பார்கள். அதில் பெரும்பகுதி போலி பி12; மனித உடலுக்குப் பயன்படாது. ரத்தப் பரிசோதனையில் அளவு நன்றாகத் தெரிந்து ஏமாற்றவும் கூடும். புரதம் 60 விழுக்காடு என்பது உண்மை. ஆனால் மூன்று கிராம் சாப்பிட்டால் கிடைப்பது இரண்டு கிராமுக்கும் குறைவு. ஒரு கரண்டி பருப்பு அதைவிட அதிகம் தரும், அதுவும் மலிவாக.

ஆபத்துப் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் பாதிதான். நீலப்பச்சைப் பாசிகளில் வேறு சில இனங்கள் மைக்ரோசிஸ்டின் என்ற நச்சைச் சுரக்கின்றன. அந்த நச்சு தாக்கும் உறுப்பு எது தெரியுமா? ஈரல்தான். 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில், பாசி படர்ந்த நீர்த்தேக்கத்துத் தண்ணீரைச் சரியாகச் சுத்திகரிக்காமல் டயாலிசிஸுக்குப் பயன்படுத்தியதில், ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் ஈரல் செயலிழந்து இறந்தார்கள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் கிளாமத் ஏரியிலிருந்து அள்ளி, ‘இயற்கை உணவு’ என்று விற்கப்பட்ட நீலப்பச்சைப் பாசி மாத்திரைகளை அந்த மாநிலம் சோதித்தபோது, 87 மாதிரிகளில் 85இல் இந்த நச்சு இருந்தது. 63 மாதிரிகளில் ஒரு கிராமுக்கு ஒரு மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. சுருள்பாசி இந்த நச்சைச் செய்வதில்லை. அது விரும்பும் காரத் தண்ணீரில் மற்ற இனங்கள் பிழைப்பதும் கடினம். ஆனால் திறந்த தொட்டியில் காரத்தன்மை இறங்கிவிட்டால் அழையா விருந்தாளிகள் நுழைவார்கள். ஈயம், ஆர்சனிக் போன்ற கன உலோகங்களையும் பாசி தண்ணீரிலிருந்து உறிஞ்சிச் சேர்த்துவைக்கும். ஈரலைக் காக்கிறேன் என்று ஈரல் நச்சை விலைகொடுத்து வாங்காமல் இருக்க, டப்பாவில் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், தொகுதி எண்ணும், தயாரித்த இடமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மைத்துனரிடம் ஆய்வகச் சான்றிதழ் கேளுங்கள். நுண்ணுயிர் நச்சுக்கும் கன உலோகத்துக்கும் சோதித்த சான்றிதழ். கோபித்துக்கொண்டால் வேறு கடையில் வாங்குங்கள்.

கடற்பாசிக்கு அயோடின்தான் தொல்லை. ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். ஒரே ஒரு கிராம் உலர்ந்த கொம்புவில் ஆயிரத்துக்கு மேல் இருப்பது வழக்கம். தினமும் கொம்பு சூப் குடித்தால் தைராய்டு தடுமாறும். தைராய்டு மந்தமானால் ஈரலில் கொழுப்பு கூடும், மறுபடி தொடங்கிய இடத்துக்கே வருவோம். ஹிஜிகி என்ற கருநிறப் பாசியில் ஆர்சனிக் மிகுதி என்பதால் அதை உண்ண வேண்டாம் என்று பிரிட்டன் 2004இலேயே சொல்லிவிட்டது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுபவர்கள் வைட்டமின் கே மிகுந்த பாசிகளைத் தாமாகத் தொடங்கக் கூடாது. ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்களும், லூபஸ் போன்ற தன்தாக்கு நோய் உள்ளவர்களும் சுருள்பாசியைத் தவிர்ப்பது நல்லது. யூரிக் அமிலம் ஏறியவர்கள் அளவைக் குறைக்க வேண்டும்.

இனி உங்கள் எண்களுக்கு வருவோம். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கி, ஆயிரக் கணக்கில் எடுத்த தட்டணு எண்ணிக்கையையும் எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வருவதால் வகுத்தால் ஃபிப்-4 என்ற எண் கிடைக்கும். 44ஐ 48ஆல் பெருக்கினால் 2,112. 72இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 8.49, அதை 240ஆல் பெருக்கினால் சுமார் 2,037. வகுத்தால் 1.04. 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு என்பது பொதுக்கணக்கு. கணக்கு பார்ப்பதுதானே உங்கள் தொழில், ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இதை மருத்துவரிடம் காட்டி, ஹெபடைடிஸ் பி, சி சோதனையும் மூன்று மாதச் சர்க்கரை சராசரியும் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். தேவையென்றால் அவர், ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எழுதித் தருவார்.

எடையில் 7 விழுக்காடு என்றால் உங்களுக்கு ஐந்தரைக் கிலோ; 10 விழுக்காடு என்றால் எட்டுக் கிலோவுக்குச் சற்றுக் கீழே. ஆறு மாதத்தில் ஐந்தரைக் கிலோ என்பது எட்ட முடியாத மலை அல்ல. அலுவலகத்தில் நாளைக்கு நான்கு டீ குடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், சர்க்கரையை நிறுத்துவதிலிருந்து தொடங்கலாம். பால் கலக்காத காபி ஈரலுக்கு நல்லது என்பதற்குப் பாசியைவிடக் கனமான சான்றுகள் உண்டு. சொன்னால் யாரும் நம்புவதில்லை, டப்பாவில் போட்டு விற்காததால் இருக்கலாம். இரவுச் சோற்றைப் பாதியாக்கிச் சுண்டலோ கீரையோ கூட்டுங்கள். தினம் முக்கால் மணி நேரம் வேர்க்க நடங்கள்.

இவ்வளவும் செய்துகொண்டு சுருள்பாசியும் சாப்பிட ஆசை என்றால் எனக்கு மறுப்பு இல்லை. சான்றிதழ் உள்ள பொடியாக வாங்குங்கள், மாத்திரையைவிட மலிவு. நாளைக்கு ஒரு கிராமில் தொடங்கி, வயிறு ஒத்துக்கொண்டால் இரண்டு வாரத்தில் நான்கு, ஐந்து கிராமுக்குப் போகலாம். அது ஏறத்தாழ இரண்டு தேக்கரண்டி வரும். சாம்பாரில் போட்டுக் கொதிக்கவிட்டால் அந்த நீலப் புரதம் சிதைந்துவிடும். ஆறிய மோரில் உப்பும் பெருங்காயமும் சேர்த்துக் கலக்கிக் குடியுங்கள். குளத்து வாடை அடிக்கும். கறிவேப்பிலையை நுணுக்கிப் போட்டால் கொஞ்சம் அடங்கும். வேறு மருந்துகள் சாப்பிட்டால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பன்னிரண்டு வாரம் கழித்து அதே ஆய்வகத்தில் எஸ்.ஜி.பி.டி.யும் டிரைகிளிசரைடும் எடுத்து, அன்றைய எடையையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எடை அப்படியே இருந்து நொதி மட்டும் இறங்கியிருந்தால் மைத்துனருக்கு ஒரு விருந்து வையுங்கள், எனக்கும் எழுதுங்கள். நொதி 72இலேயே நின்றாலோ ஏறியிருந்தாலோ பாசியை நிறுத்திவிட்டு இரண்டு அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.